மூக்கு ஒழுகுவதற்கு முந்தின நாள்

நவம்பர் 4, திங்கள்

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் கோபம் ஏறினால் கையெழுத்து கோணிவிடும்.

காப்பகத்தின் கைக்குழந்தைகள் அறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். நான்கு மாதமாக அங்கே சளி, இருமல் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. செவ்வாய்தோறும் ஒரு பெண் வந்து பன்னிரண்டு குழந்தைகளின் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் போவாள். பொறுப்பாளர் மூக்கும் என் மூக்கும் தப்பாது. தினமும் எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து, தாள் நிரப்புவது என் வேலை. மூக்கு ஒழுகல், இருமல், காய்ச்சல் என்று மூன்று கட்டம். ஆம் அல்லது இல்லை. ஒரு நாள்கூட விட்டதில்லை.

இன்று என் தாள்கள் கட்டாகப் பொறுப்பாளர் மேசைமேல் கிடந்தன. மேலே சிவப்பு மையில்: ‘இட்டுக்கட்டியவை. பயன்படுத்த வேண்டாம்.’

முப்பத்தெட்டு இடங்களில் நான் ‘ஆம்’ போட்ட நாளில் வீட்டில் பெற்றோர் நிரப்பும் தாளில் ‘இல்லை’ என்று இருக்கிறதாம். ஆகவே நான் குழந்தைகளைப் பார்க்காமலே நிரப்பினேனாம். அதை ஒப்புக்கொள்வதாக ஒரு கடிதமும் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் அறையில் இருக்கலாம். இல்லையென்றால் நாளை முதல் சலவை அறை.

“ஒரு கையெழுத்துதானே ஆயாம்மா. போட்டுட்டுப் போய் பிள்ளைங்களப் பாருங்க” என்றார் பொறுப்பாளர்.

“ஒரு பொய்தானேன்னு சொல்றீங்க” என்றேன்.

பேனாவை மூடி அவர் பக்கமே நகர்த்தினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

சலவை அறை. இருபத்தாறு போர்வை. சோப்புத் தூள் ஏறி ஆறு தும்மல். கடைசித் தும்மலுக்கு மெஷினே ஒரு கணம் நின்றது போல் இருந்தது.

நவம்பர் 6, புதன்

என் வீட்டுக்காரர் இவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை விஷயத்தில் ரொம்பக் கறார். சாப்பிடும்போது கேட்டார்: “ஒழுகாத மூக்க ஒழுகுதுன்னு எழுதினியா, இல்லையா?”

எழுதினேன். மறுநாள் ஒழுகுமே, அதனால் எழுதினேன்.

சட்டாம்பிள்ளை என்று நான் கூப்பிடும் ஒருவன் இருக்கிறான், ஒன்றரை வயது. அறையில் உள்ள எல்லாப் பொம்மையும் தன்னுடையது என்பான். அவன் கையிலிருந்து யாராவது பிடுங்கும்போது சும்மா விட்டான் என்றால், மறுநாள் சளி. பூனைக்குட்டி என்று ஒருத்தி, சளி வருவதற்கு முந்தின நாள் பாயில் முகத்தைத் தேய்ப்பாள். தவளைக்குப் பத்து மாதம், தவழமாட்டான், தாவுவான். அவன் பாலை மூன்று வாய் குடித்துவிட்டு மூச்சுக்கு நிறுத்தினால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் கட்டம் ஏது? இருந்த கட்டத்தில் போட்டேன்.

“அப்போ நாளைக்கு வரப்போற பஸ்ஸுக்கு இன்னைக்கே டிக்கெட் கிழிச்சிருக்க” என்றார்.

நாற்பது வருஷமாக இப்படித்தான் பேசுகிறார். நானும் சாப்பாடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

பஞ்சுக்குச்சிப் பெண் சலவை அறைக்கே வந்தாள். சிவப்பு மை அவளுடையதுதான். ஒப்புக்கொண்டாள், அந்தமட்டில் நல்ல பெண்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆயாம்மா. இது குழந்தைங்க சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி. பார்த்ததை மட்டும்தான் எழுதணும்.”

“பார்த்ததைத்தான் எழுதினேன்.”

“மூக்கு ஒழுகினதைப் பார்த்தீங்களா?”

“ஒழுகப்போறதைப் பார்த்தேன்.”

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நான் போர்வை மடித்தேன். ஒரு ஓரத்தை அவள் கையில் கொடுத்தேன், பிடித்தாள். நான்கு போர்வை முடிந்தது. விவகாரம் முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். மீதி எல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களில் படித்தது. பொடி எழுத்து என்றால் எனக்குப் பழக்கம். இன்று அலமாரியைக் குடைந்து, ஆராய்ச்சி தொடங்கியபோது எல்லாருக்கும் கொடுத்த விளக்கத் தாளை எடுத்தேன். பெற்றோர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நாலாம் பக்கம், கீழே: ‘அறிகுறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே குழந்தையின் மூக்கில் வைரஸ் இருக்கக்கூடும்.’

மூன்று தடவை படித்தேன். இவரையும் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். தாளை மடித்து என் கைப்பையில் வைத்தார். அவர் கிண்டல் பண்ணாமல் விட்டதே எனக்கு ஒரு பரிசுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

மடித்த போர்வைகளை வைக்கிற சாக்கில் கைக்குழந்தைகள் அறைக்குப் போனேன். தவளை என்னைப் பார்த்ததும் மூன்றே தாவலில் வந்துவிட்டான். எட்டு நாளாயிற்று அவனைத் தூக்கி. பத்து நிமிஷம் வைத்திருந்தேன். தும்மல் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன் — கொஞ்சம்.

பஞ்சுக்குச்சிப் பெண் என் மூக்கில் குச்சி விட்ட கையோடு அவளிடம் தாளை நீட்டினேன்.

“இது நீங்க அடிச்ச தாளுதானே? நாலாம் பக்கம்.”

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். “குச்சியெல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு ஆயாம்மா. சீசன் முடிஞ்சப்புறம்தான் மொத்தமா சோதிப்போம்.”

“முப்பத்தெட்டு டிக்குல பதினொண்ணு செவ்வாய்க்கிழமை விழுந்திருக்கு. அந்தப் பதினோரு குச்சிய மட்டும் எடுத்துப் பாரு.”

“தாளெல்லாம் எங்ககிட்ட இருக்கே, எப்படி எண்ணினீங்க?”

“தாளு உங்ககிட்ட. நாட்குறிப்பு என்கிட்ட.”

குச்சிப் பெட்டியை மூடினாள். “நீங்க ‘இல்லை’ன்னு போட்டதுலயும் பதினொண்ணு பார்க்கணும். அப்பதான் நியாயம்.”

“பாரு. இப்ப எடுத்தியே என் குச்சி, அதையும் சேர்த்துக்கோ. எனக்கு நானே ‘இல்லை’தான் போட்டிருக்கேன். எனக்குச் சளி பிடிச்சு முப்பது வருஷமாச்சு.”

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரைக் கேட்க வேண்டுமாம். கேட்கட்டும். நான் எங்கே போகப்போகிறேன்.

நவம்பர் 13, புதன்

தும்மல் எட்டு. இவர் சளி என்கிறார். கண்டக்டருக்கு என்ன தெரியும். சோப்புத் தூளை மாற்றச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

சலவை அறையின் கதவுக் கண்ணாடி வழியாகக் கைக்குழந்தைகள் அறை தெரியும். எனக்குப் பதிலாக வந்த புதுப் பெண் தவளைக்குப் பால் கொடுத்தாள். மூன்று வாய் குடித்தான். நிறுத்தினான். மூச்சு விட்டான்.

இவளுக்குத் தெரியலையே. நான் போய்ச் சொன்னா இட்டுக்கட்டுறேன்னு சொல்வாங்க. சொல்லாம எப்படி இருக்கிறது? போய்ச் சொல்லிவிட்டேன். புதுப் பெண் அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, “காஞ்சுதானே இருக்கு ஆயாம்மா” என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

தவளை வரவில்லை. இருமலாம். இரண்டு இரவாக அவன் அம்மா தூங்கவில்லையாம்.

பொறுப்பாளர் கடிதத்தை மறுபடி எடுத்து வந்தார். “பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கு.”

“இருக்கு. நான் இன்னும் பாதிகூட வரலை” என்றேன்.

நவம்பர் 20, புதன்

தவளை இன்னும் வரவில்லை. இன்று யாரோடும் சண்டை போடவில்லை. போர்வை மட்டும் மடித்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பஞ்சுக்குச்சிப் பெண் வந்தாள். நாற்காலியில் உட்காராமல் போர்வைக் குவியலின்மேல் உட்கார்ந்தாள். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

“பதினொண்ணுல ஒன்பதுல வைரஸ் இருக்கு ஆயாம்மா.”

இல்லாத இரண்டையும் நானே சொன்னேன். ஒன்று பல் முளைத்தது. இன்னொன்று புதுச் செருப்பு கடித்தது. இரண்டையும் சளி என்று நினைத்தேன். அது என் தப்பு. எழுதி வைத்துக்கொள் என்றேன். எழுதிக்கொண்டாள், நீல மையில்.

“‘இல்லை’ன்னு போட்டதுல?”

“ஒரு குழந்தை மூக்குல இருந்திருக்கு. கடைசிவரைக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.” பேனாவை மூடினாள். “அப்புறம் எண் பதினாலு.”

“குழந்தைங்க பன்னிரண்டுதானே?”

“பதினாலு நீங்க ஆயாம்மா.”

சோப்புத் தூள் என்றேன். சோப்புத் தூளில் வைரஸ் கிடையாது என்றாள். மெஷின் சுற்றி முடிந்ததும் போர்வைகளை வெளியே எடுத்தேன். பிறகு, பன்னிரண்டாம் தேதி தவளையைத் தூக்கியதை நானே சொன்னேன்.

“யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது” என்றாள். அது என் மனசுக்காகச் சொன்னது இல்லையாம், கணக்குப்படியும் அப்படித்தானாம். இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு குழந்தைகளின் சளியை ஒரு நாள் முன்னாடியே பார்த்துவிடுகிற கண், என் மூக்குக்குக் கீழே இருப்பதை ஏன் பார்க்கவில்லை?

சிவப்பு மைக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன். நான் யாரிடம் கேட்பது? அவனுக்குப் பேச்சு வர இன்னும் நாளாகும்.

இவரிடம் சொன்னேன். கிண்டல் பண்ணுவார் என்று தயாராக இருந்தேன். “ஒன்பது சரியாச்சே” என்று மட்டும் சொல்லிவிட்டு வெந்நீர் வைக்க எழுந்து போனார்.

நவம்பர் 27, புதன்

தவளை வந்துவிட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எட்டு வாய், நிறுத்தாமல்.

டிசம்பர் 2, திங்கள்

கைக்குழந்தைகள் அறை. மூக்கு காய்ந்துவிட்டது; ஆனாலும் மாஸ்க் போட்டிருந்தேன். சட்டாம்பிள்ளை அதையும் தன்னுடையது என்று பிடுங்கினான். இனி நடக்க வேண்டியவை:

பொறுப்பாளர்: அந்தக் கடிதத்தை என் கண்முன் கிழிக்க வேண்டும். (காலையில் ஆயிற்று. இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழிக்கச் சொன்னேன்.)

பஞ்சுக்குச்சிப் பெண்: தாளில் நாலாவது கட்டம் போட வேண்டும், ‘இன்று குழந்தை வழக்கம்போல் இல்லை’ என்று. பக்கத்தில் ஏன் என்று எழுத இரண்டு வரியாவது இடம் விட வேண்டும். ஒரு வரி எனக்குப் போதாது.

பேராசிரியர்: தான் அச்சடித்த தாளின் நாலாம் பக்கத்தைத் தானும் ஒருமுறை படிக்க வேண்டும்.

புதுப் பெண்: பால் கொடுக்கும்போது வாயை எண்ண வேண்டும்.

தவளை: ஒன்றும் செய்ய வேண்டாம். தாவினால் போதும்.

நான்: ஒழுகும் நாளில்தான் ‘ஒழுகல், ஆம்’ போட வேண்டும். தும்மல் வந்தால் தூசி என்று சொல்லக் கூடாது. அன்று யாரையும் தூக்கக் கூடாது, தவளையே வந்தாலும்.

இவர்: எண் பதினாலின் தாளைத் தினமும் காலையில், நான் செருப்பு மாட்டும் முன், நிரப்ப வேண்டும். என்னைக் கேட்டு எழுதக் கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.