நான் சுரண்டிய சாக்கடை

1874, மார்ச் 3

இன்று நகர்மன்ற உறுப்பினர் ஹோல்ராய்டின் கழுத்தில் இரண்டு மடிப்புகளை அகற்றினேன். புகைப்படக் கண்ணாடி நெகட்டிவ்களில் பென்சிலாலும் கத்தியாலும் மனிதர்களை மேம்படுத்துவது என் தொழில். மன்றத்தில் என் கை படாத முகம் இல்லை.

முதலாளி த்வெய்ட் மேயராகி நான்கு மாதங்கள். இன்னும் மேயர் பதவிச் சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டுத் தானே ரசாயனம் கலக்கிறார்.

மார்ச் 11

பக்லர் சந்தில் டைஃபாய்டு. ஏழாவது சாவு. கிணற்றை ஒட்டியே சாக்கடை. குழாய்த் தண்ணீருக்கு மன்றம் மசியவில்லை. முதலாளி முழங்கால் சேற்றில் நின்று படம் எடுத்து வந்தார். "வாயால சொன்னா நம்பமாட்டாங்க, மிஸ் கார்சைட். கண்ணால பார்க்கட்டும்."

மார்ச் 12

சந்துப் படங்களின் கண்ணாடித் தகடுகளை முடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 14

மன்றத்தில் படங்களைப் பார்த்த ஹோல்ராய்ட், "இவ்வளவு லட்சணமான சந்துக்குக் குழா எதுக்கு? நானே குடிவந்துரலாம் போலிருக்கே" என்றாராம். ஓட்டு திங்களுக்குத் தள்ளிப்போனது.

ஒன்பது வருடப் பழக்கம். கறையைக் கண்டால் கை நிற்காது. படத்திலிருந்த சாக்கடையையே சுரண்டி எடுத்திருக்கிறேன் — ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்?

முதலாளியிடம் சொன்னேன். மறுபடி எடுக்கலாமே என்றேன்.

"இப்ப எடுத்தா, அழுக்க நாமளே வரைஞ்சோம்பாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 16

பார்வையாளர் வரிசையில் இருந்தேன். முதலாளி எழுந்தார்.

"தப்பு என் கடையில நடந்தது. உங்க மூஞ்சிக்குச் செய்யற வேலைய அந்தச் சந்துக்கும் செஞ்சுட்டோம். சந்தேகம் இருந்தா, வீட்டுல உங்க படத்தையும் கண்ணாடியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இல்ல, இப்பவே எங்கூட சந்துக்கு நடங்க."

என் பெயரைச் சொல்லவில்லை. தன் வியாபாரத்தைத் தானே குழிதோண்டிப் புதைப்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

நடந்தார்கள். ஹோல்ராய்டின் இடது செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. ஓட்டு: குழாய்க்குப் பதினொன்று, எதிராக ஒன்பது.

ஏப்ரல் 20

போன வாரமும் ஒருவரும் படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. முதலாளி சீழ்க்கையடித்தபடி லென்ஸ் துடைக்கிறார்.

செப்டம்பர் 2

பக்லர் சந்தில் குழாய் திறந்தாயிற்று. முதல் வாளி பிடித்த திருமதி கின்செல்லாவைப் படமெடுக்க முதலாளி காமிராவை நிறுத்தினார். மார்ச்சில் மகனைப் புதைத்தவள்.

"இருங்க மேயரய்யா, மூஞ்சியக் கழுவிட்டு வர்றேன். அதுக்குத்தானே குழா போட்டீங்க?"

காத்திருந்தோம். கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தத் தகட்டில் எனக்கு வேலை இருக்கவில்லை.