பஸ் ஸ்டாண்டு சக்கரம்

என் செல்ல வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக, சிரித்த முகமாக, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு இருக்கிறாய் என்பதைச் சித்தியின் செல்போனில் உள்ள நானூற்றுப் பதினாறு படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெற்றவள் தன் தங்கையிடம் கேட்டு மகளின் நலத்தைத் தெரிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது, இருக்கட்டும். தீவிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அங்கே போனுக்கு சிக்னல் இல்லை, விடுதியில் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். பதில் ஏன் இவ்வளவு தாமதம் என்று போனில் இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் கடையில் வேலை என்று சொன்னேன், கடையில் என்றைக்குத்தான் வேலை இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். விஷயத்துக்கு வருவதற்குள் நாலு பக்கம் ஆகும், உன் அம்மாவைத் தெரியாதா உனக்கு.

உன்னோடு சுற்றிவிட்டு ஊர் திரும்பிய மறுநாளே சித்தி நம் பெட்டி ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை, கல்லாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஜிப் மாற்ற வந்தவர், கைப்பிடி உடைந்த பெட்டியோடு வந்தவர், பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பழைய ஜெயிலை விடுதியாக மாற்றியிருக்கிறார்களாம், அதில் ஒரு அறைக்குள் நீங்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். குற்றமே பண்ணாம, காசும் கட்டி உள்ளே போன ஆளு உலகத்திலேயே உன் தங்கச்சிதான் என்று அப்பா சொன்னார். அப்புறம் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, அந்த ஊர்ச் சாக்கடைக்குள் இறங்கிச் சுற்றிப் பார்த்தீர்களாமே, அதற்கு டிக்கெட் வேறா. நம் தெருவுக்கு மழை நாளில் வந்தால் டிக்கெட், பூட்ஸ் எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மண்ணுக்குள் இருக்கும் காளானை மோப்பம் பிடிக்கிற நாயோடு காட்டில் அலைந்த படத்தில் சித்தி அந்த நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் எங்கள் வீட்டுக் கரப்பான்பூச்சிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறியவள். நான்தான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். அந்தக் காட்டில் அவளுக்கு நான் தேவைப்படவே இல்லை.

ஜெராக்ஸ் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காதே. ஏன்மா, உங்களை உங்க பொண்ணு கூப்பிடலையா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கூப்பிட்டா, நான்தான் போகலை என்று சொன்னேன். அது உண்மைதானே. உனக்கு லீவு கிடைத்ததும் முதலில் எனக்குத்தான் போன் பண்ணினாய். அம்மா, பத்து நாள் சுத்தலாம், வர்றியா என்றாய். நானும் வழக்கம் தவறாமல், எனக்கெதுக்குடி அதெல்லாம், கடையை யாரு பார்ப்பா, உங்கப்பாவுக்கு ஜிப் சைஸ்கூடத் தெரியாது, வேணும்னா உன் சித்தியைக் கூட்டிட்டுப் போ என்றேன். வால், உனக்குத் தெரியாதா, நம் வீட்டில் எதற்கும் முதல் தடவை சரி சொல்லும் பழக்கம் கிடையாது. பிஸ்கட் தட்டை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை நீட்டுவார்கள், அப்போது எடுத்துக்கொள்வோம். நீ சின்னதாக இருந்தபோது யார் வீட்டிலாவது முதல் நீட்டலிலேயே எடுத்துவிட்டால் தொடையில் கிள்ளுவேனே, அந்தப் பழக்கத்தை உனக்குக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நீ வெளிநாடு போய் மூன்று வருஷத்தில் அதை மறந்துவிட்டாய். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறாய். அது நல்ல பழக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து உன் போன் வந்ததும் கையில் இருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன், சரி, நீ இவ்வளவு சொல்றியேன்னு வர்றேன் என்று. நீ கேட்டது சித்தியின் பாஸ்போர்ட் நம்பர். என் பாஸ்போர்ட் அலமாரியில் துணிக்கு அடியில் நாலு வருஷமாகப் புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை, எப்போதாவது எடுத்துத் தூசி தட்டி வைக்கிறேன்.

சித்தியிடம் நீ கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவள் சரி சொல்லியிருப்பாள், அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்த வாரமே அந்த நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அக்கா, ஒரு சக்கரம் தேஞ்சு போச்சு, நல்லதா ஒண்ணு போட்டுக் கொடு, உன் கை பட்டா உலகம் முழுக்க உருளும் என்றாள். எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும், சக்கரத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது நான், அதை இறுக்கும் ரிவெட் ஆணியை அடித்து முடிப்பது அப்பா. தூர தேசம் போகும் பெட்டிக்குப் புதுச் சக்கரம். ஊருக்குள்ளேயே போகும் பெட்டிக்கு, வேறு பெட்டிகளில் கழற்றிய பழைய சக்கரங்களில் இன்னும் கொஞ்சம் உயிர் இருப்பது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உருண்டால் போதும் என்று அதற்கு அப்பா வைத்த பேர்தான் பஸ் ஸ்டாண்டு சக்கரம், அதற்கென்று தனி டப்பா. சித்தி நின்றுகொண்டு, உன் பொண்ணு அங்கே குளிரும்னு சொன்னா, உன் கம்பளிக் கோட்டு சும்மாதானே கிடக்குது என்று கேட்டாள். சும்மாதானே என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் கை புதுச் சக்கரத்துக்குப் போகவில்லை, அந்த டப்பாவுக்குப் போனது. தெரியாமல் போகவில்லை. உள்ளே மயிரிழை விரிசல் இருந்த ஒன்றை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, புதுசு மாதிரி துடைத்துப் பொருத்தி அப்பாவிடம் நகர்த்தினேன். விமான நிலையத்தில் கீச்கீச்சென்று சத்தம் போட வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. கடல் என் நினைப்பில் இல்லவே இல்லை, உன் தலை மேல் சத்தியமாக இல்லை.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடல் விலகும்போது மட்டும் தெரியும் கல் பாதை, அதில் பெட்டியை உருட்டிக்கொண்டே தீவுக்கு நடந்து போனோம், பாதி வழியில் சித்தி பெட்டியின் சக்கரம் இரண்டாகப் பிளந்து போனது, மாறி மாறித் தூக்கினோம், அதற்குள் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது, கணுக்காலுக்கு வந்ததும் வழியில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காகக் கால்கள் வைத்து உயரமாகக் கட்டியிருந்த மரக்கூண்டில் ஏறிக்கொண்டோம் என்று நீ எழுதிய இடம் வந்ததும் கடிதத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டேன். அதற்குக் கீழே, அப்பா, உங்க சக்கரம் கடலுக்குள்ளே போச்சு, மீன் உருட்டி விளையாடுது என்று கேலி எழுதியிருந்தாய். அப்பா சிரிக்கவில்லை. நான் அடிச்ச ரிவெட் சரியில்லை போல என்றார், அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து வருகிற பெட்டிக்கெல்லாம் இரண்டு ரிவெட் அடிக்கிறார். அடித்த பிறகு பெட்டியில் மூட்டையை ஏற்றி வாசல் படியில் மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்கிறார். சித்தி பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, மன்னிச்சுக்கோம்மா, என் கை முன்ன மாதிரி இல்லை என்று அவளிடம் சொன்னார். முப்பது வருஷமாக அவர் அடித்த ரிவெட் ஒன்றுகூடக் கழன்றதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜிப்பை மூன்று தடவை தைத்துப் பிரித்தேன்.

ஆனால் வால், உண்மையைச் சொன்னால் என்னைத் தின்றது அது மட்டும் இல்லை. கடல் இறங்கும் வரை அந்தக் கூண்டுக்குள் ஆறு மணி நேரம், சுற்றிலும் தண்ணீர், என் வாழ்க்கையிலேயே ரொம்ப நல்ல ஆறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். படத்திலும் பார்த்தேன், சித்தி என் கோட்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், நீ அவள் மடியில் தலை வைத்திருக்கிறாய், அவள் ஒரு கை உன் முடிக்குள் இருக்கிறது, இன்னொரு கையை நீட்டிப் படம் எடுத்திருக்கிறாள். போதாததற்கு, அம்மா, நீ காலேஜ்ல கப்பல்ல போக இருந்தியாமே, எங்கிட்ட சொல்லவே இல்லையே என்று கேட்டிருக்கிறாய். என் கதையை, நானே உனக்கு என்றைக்காவது சொல்லலாம் என்று பத்திரமாக வைத்திருந்ததை, என் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் சொல்லியிருக்கிறாள். சரி, நானே சொல்கிறேன். புவியியல் கடைசி வருஷம், மணல் தீவுகளை அளந்து பார்க்க வகுப்பிலிருந்து ஆறு பேரைக் கப்பலில் அழைத்துப் போனார்கள், பட்டியலில் என் பேர் முதலில் இருந்தது. எனக்கு இருபது வயது, வயிற்றில் நீ ஐந்து மாதம். டாக்டர் வேண்டாம் என்றார். உன்னால் நின்றது என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. கப்பல் போனது, நீ வந்தாய், எனக்கு அதில் நஷ்டமே இல்லை. ஆனாலும் பெட்டிகளில் தொங்கும் விமான அடையாளச் சீட்டை வெட்டி எடுக்கும்போது அதில் உள்ள மூன்று எழுத்து எந்த ஊர் என்று வந்தவரிடம் கேட்டு, என் பழைய காலேஜ் வரைபடப் புத்தகத்தில் தேடிப் பார்க்காமல் இருந்ததில்லை. அந்தச் சீட்டுகள் ஒரு டின் நிறைய இருக்கின்றன. இப்போது யோசித்துப் பார், அந்த ஆறு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? நான் போட்ட சக்கரம். புதுச் சக்கரம் போட்டிருந்தால் நேரத்துக்குத் தீவு போய்ச் சேர்ந்து ஆளுக்கொரு கட்டிலில் குறட்டை விட்டிருப்பீர்கள். அவளைக் கெடுக்கப் போய் என் கையாலேயே அவளுக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

நேற்று அப்பா இரண்டாவது ரிவெட்டுக்குச் சுத்தியலை ஓங்கியபோது, போதும், அது உங்க ரிவெட் இல்லை, நான் போட்டது பஸ் ஸ்டாண்டு சக்கரம், வேணும்னுதான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார். அப்போ ரிவெட் நின்னுச்சா என்று கேட்டார். நின்னுது, சக்கரம்தான் பிளந்தது என்றேன். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். பொண்ணு தண்ணிக்குள்ளே நின்னிருக்கா, அதை மறந்துடாதே என்று மட்டும் சொன்னார், திட்டியிருந்தால் தேவலை. சித்திக்குப் போன் பண்ணியும் சொன்னேன். அடிப்பாவி என்றாள், ரொம்ப நேரம் சிரித்தாள். அக்கா, அவ முதல்ல உன்னைத்தானே கேட்டா, நீ வாயைத் திறந்து சரின்னு சொல்லியிருந்தா நான் ஏன் போகப் போறேன் என்றாள். போனை வைத்துவிட்டு அவள் பெட்டிக்கு நாலும் புதுச் சக்கரமாகப் போட்டுவிட்டேன். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படம் கண் முன்னால் வந்தால் இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

இன்று காலையில் அப்பா பரண்மேல் இருந்து பச்சைப் பெட்டியை இறக்கினார், பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு ஐந்து வருஷமாக யாரும் திரும்ப வாங்க வராத பெட்டி, உனக்கு நினைவிருக்கும், அதற்குள்தான் ஒளிந்து விளையாடுகிறேன் என்று மாட்டிக்கொண்ட பூனையை எடுத்தோம். துடைத்து என் முன்னால் வைத்தார். சக்கரத்தை நீ எடு, ரிவெட்டை நான் அடிக்கிறேன், போய்ப் பார்த்துட்டு வா, ஜிப் சைஸ் எல்லாம் சீட்டுல எழுதி வெச்சுட்டுப் போ என்றார். எனக்கெதுக்கு அதெல்லாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் இன்னொரு தடவை கேட்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், நீயும் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது, யாரோ தொடையில் கிள்ளப் போவது மாதிரி இருந்தது.

அதனால் நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன், நான் வருகிறேன். உனக்கு அடுத்த லீவு எப்போது என்று மட்டும் எழுது. ஜெயில் வேண்டாம், சாக்கடை வேண்டவே வேண்டாம், நாயைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கல் பாதைக்கு மட்டும் கூட்டிப் போ. கால் ஈரத்தோடு உட்காராதே, தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போகாதே, காளானைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்காதே, என் கோட்டைச் சித்தியிடமிருந்து நானே வாங்கிக்கொள்கிறேன். நீ போகிற ஊரெல்லாம் உன் காலுக்குக் கீழே தரை கெட்டியாக இருக்கட்டும், பசிக்கிற நேரத்தில் சூடாக ஏதாவது கிடைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. என் பெட்டியில் நாலும் புதுச் சக்கரம், ரிவெட்டும் இரண்டிரண்டு, வழியில் ஒன்றும் ஆகாது. அதனால் அந்தக் கூண்டு பக்கத்தில் வரும்போது நீதான் கொஞ்சம் மெதுவாக நடக்க வேண்டும்.

முதல் தடவையிலேயே சரி சொன்ன
உன் அம்மா