ஆட்டுக்குப் பின்னால் நிற்பவர்

பேராதனை, 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா? நான் சுகம்.

நேற்று விலங்கியல் வகுப்பில் ஆட்டுக் கண்ணை அறுத்துப் பார்த்தோம். பின்னால் பதுங்கி வரும் சிறுத்தையைக் கண்டுகொண்ட ஆடுகள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தனவாம். அதனால் கண்கள் பக்கவாட்டில் அமைந்து, கண்மணியும் படுக்கையாக நீண்டிருக்கிறது. தலையைத் திருப்பாமலே பின்னால் அசைவதை விழித்திரை நரம்புகள் பிடித்துவிடும்.

முனியாண்டி கோயிலில் கிடா வெட்டும்போது கத்திக்காரரை ஆட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, "அதுக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்பீர்களே. தெரியும், அப்பா.

நான் பாஸானால் தங்கை பூரணி வளர்க்கும் கிடாயை வெட்டுவதாக நேர்ந்திருக்கிறீர்கள். பொங்கல் மட்டும் வைத்தால் போதாதா என்று பூசாரியைக் கேளுங்கள்.

நம் தோட்டத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தேநீரில் மணமே இல்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பரீட்சை முடிவும் வந்துவிட்டது. உங்கள் பதில் வந்த பிறகுதான் அதை எழுதுவேன்.

உங்கள் மகன்,
மருதமுத்து