மூன்று துண்டாக வந்த குரல்

உ

உன் மகளின் கல்யாணப் பத்திரிகை இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது. கல்யாணம் முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது. மூலைகளில் தடவிய மஞ்சள் காய்ந்து உதிர ஆரம்பித்திருக்கிறது, வாசனை மட்டும் போகவில்லை. இன்று காலையிலும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஒரு சேதி. நீ அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது. இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று, ஆனாலும் ஒரு மூச்சுகூடச் சேதமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். இதை உன் தோளில் ஓங்கி அடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு வழியில்லை, எழுதுகிறேன்.

தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் ஒரே கூரைக்குக் கீழே நமக்கு இரண்டு கடை. நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. இந்தப் பக்கம் மூன்று கம்ப்யூட்டரோடு என் பிரவுசிங் சென்டர், அந்தப் பக்கம் உன் மைக்செட். உன் குழாய் ஸ்பீக்கர்களில் பாதி என் பக்கம்தான் கிடக்கும், கேட்டால் "காத்தாட வச்சிருக்கேன்" என்பாய். துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடைத் திருவிழா, துஷ்டி விழுந்த வீட்டின் சாவு அறிவிப்பு, எல்லாம் ஆட்டோவில் உன் குரலில்தான் ஊரைச் சுற்றிவரும். ஒரு குற்றால சீசனில் ஐந்தருவியில் காணாமல்போன பிள்ளைக்காக உன்னைக் கூப்பிட்டார்கள். பாதியில் கரண்டு போய் மைக் செத்துவிட்டது. அது உனக்கும் தெரியவில்லை, அருவிக்குக் கீழே நின்ற கூட்டத்துக்கும் தெரியவில்லை. பிள்ளை கிடைத்த பிறகுதான் நான் வந்து சொன்னேன்.

நோட்டாக இருந்தாலும் துண்டுச் சீட்டாக இருந்தாலும் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் நீ ஒரு எழுத்து எழுத மாட்டாய். புளியறையில் புரோட்டா வாங்கிவர எழுதின சீட்டுக்கும் சுழி போட்டவன் நீ. சால்னாவுக்கும் சாமி துணை வேணுமா என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கிண்டலுக்கு இப்போது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து, கம்ப்யூட்டர்களை உன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போன மறு வருஷம் உன் தொண்டை கட்டியது. கட்டினது விடவே இல்லை. திருவனந்தபுரத்து டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது உன் மகள் செண்பகம் ஏழு மாசக் குழந்தை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் கடையிலிருந்து எனக்கு ஃபோன் பண்ணினாய். அழுவாய் என்று பயந்தேன். நீ வேறு ஒன்று கேட்டாய்.

"ஒண்ணு பேசி அனுப்புதேன். பத்திரமா வச்சுக்கோ."

என்னதுலே என்று கேட்டேன். கேட்டால் தெரியும் என்றாய்.

என் ஆபீஸ் மெயிலுக்கு ஒலிக்கோப்பு எதை அனுப்பினாலும் வாசலிலேயே கிள்ளி எறிந்துவிடுவார்கள். வெறும் எழுத்தை மட்டும் யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கோப்பையும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றித் தருகிற சின்ன புரோகிராம் ஒன்றை உனக்கு ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தேன். மாற்றினதை மூன்று துண்டாக வெட்டி மூன்று மெயிலாக அனுப்பு, நீளமாக அனுப்பினால் வால் அறுந்துவிடும் என்றேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாய். "என் தொண்டையை இங்கிலீஷ் எழுத்தா ஆக்கிட்டியேலே" என்று சிரித்தாய். சிரிப்பு பாதியிலேயே கரகரத்து நின்றுபோனது.

மூன்று மெயிலும் வந்தன. பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்து. மூன்றையும் ஒட்டி, திரும்பக் கோப்பாக மாற்றினேன். திறக்கவில்லை. மறுபடியும் செய்தேன், அப்போதும் திறக்கவில்லை. சாயங்காலம் நீ கூப்பிட்டாய்.

"கேட்டியாலே?"

நாளைக்குக் காலையில் உனக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள். திரும்பப் பேசு, திரும்ப அனுப்பு என்று எந்த வாயால் சொல்வேன்?

"கேட்டேம்லே. கணீர்னு இருக்கு."

"அப்பம் சரி" என்றாய். உன் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அது. அதை ஒரு பொய்யைக் கொடுத்து வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாரல் சீசனுக்கும் நான் ஊருக்கு வந்தேன். நீ நோட்டில் எழுதினாய், தலையில் சுழியோடுதான். தொண்டையில் துளை இருந்ததால் தண்ணீருக்குள் போகக் கூடாது. ஆனாலும் அருவிக்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாய். அந்த இரைச்சலில் குளிக்கிறவர்கள் எல்லாரும் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, "இங்கன வந்தா எல்லாவனும் என் ஜாதிதாம்லே" என்று எழுதினாய். இன்னொரு வருஷம் அதே இடத்தில், "அது பத்திரமா?" என்று எழுதினாய். தலையை ஆட்டினேன். அந்த நோட்டைப் பார்க்கவே எனக்குக் கூசும். இரண்டு வருஷம் முன்னால் நீ போனபோது, பாடைக்குப் பக்கத்தில் நிற்கிறபோதுகூட அதுதான் குத்திக்கொண்டிருந்தது.

பத்திரிகை தபாலில் வந்த அன்றே உன் மனைவி ஃபோன் பண்ணினாள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

"அண்ணாச்சி, அவிய நோட்டுல எழுதி வச்சிருக்காவ. செண்பகம் கல்யாணத்துக்கு உங்ககிட்ட ஒண்ணு இருக்காம். புள்ளைக்கு அப்பா குரலு ஞாபகமே இல்லியே."

இருக்கு என்று சொல்லிவிட்டேன். அதே பொய், இரண்டாவது தடவை. உன் கேசட் ஒன்றாவது மிஞ்சியிருந்தால் தப்பித்திருப்பேன். நீதான் ஒரே கேசட்டை அழித்து அழித்து அறிவிப்பைப் பதிவு பண்ணுகிற மகராசனாயிற்றே. கடைக் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. உன் குரல் என்று உலகத்தில் இருந்தது என் மெயில் பெட்டியில் கிடந்த அந்த மூன்று மடல்கள்தான். ஆபீஸை விட்டபோது அவற்றை மட்டும் எனக்கே அனுப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் உட்கார்ந்தேன். மூன்றாவது மடலின் கடைசியில் இரண்டு சமக்குறிகள் இருந்தன. கோப்பு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம், ஆக வால் அறுபடவில்லை. எழுத்துகளை எண்ணவிட்டேன். இந்த முறையில் மொத்தம் எப்போதும் நான்கால் வகுபட வேண்டும். மூன்று மிஞ்சியது. ஒன்று குறைந்திருக்க வேண்டும், இல்லை மூன்று கூடியிருக்க வேண்டும். எங்கே தேடுவது? எட்டு நாள் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் கை தற்செயலாகப் பத்திரிகையைப் பிரித்தது. தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, உ.

நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். பிரவுசிங் சென்டரில் நீ எதை அடித்தாலும் முதலில் ஒரு 2 போடுவாயே! ஆங்கிலக் கீபோர்டில் சுழிக்கு எங்கே போவது, பார்க்க அதே மாதிரிதானே இருக்கிறது என்பாயே! மூன்று மடல்களையும் திறந்தேன். மூன்றிலும் முதல் எழுத்து 2. வேறு ஏதாவது குறியாக இருந்தால் புரோகிராம் ஒதுக்கித் தள்ளியிருக்கும். 2 அதற்குத் தெரிந்த எழுத்து, அதையும் உன் குரல் என்றே எடுத்துக்கொண்டது. சட்டையில் முதல் பொத்தானைத் தப்பாகப் போட்டால் கடைசிவரை தப்புத்தானே. மூன்று பிள்ளையாரையும் கும்பிட்டு, மரியாதையாகக் கீழே இறக்கி வைத்தேன்.

கோப்பு திறந்தது. மைக்கை மூன்று தட்டு தட்டினாய். பிறகு அடிக்குரலில், "ஏலே, மாப்பிள்ளை பேருக்கு எடம் விட்டிருக்கேன். நீ சொல்லிரு" என்றாய். நான் போட்ட கூச்சலில் என் மனைவி அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள். அதற்கப்புறம் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குத்துக்கல்வலசையில் உன் வீட்டில் உன் மனைவிக்கும் செண்பகத்துக்கும் போட்டுக் காட்டினேன். என் பொய்யையும் சொன்னேன். உன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதான் வந்துட்டுல்லா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். செண்பகம் ஏழு தடவை கேட்டாள். "அப்பா இவ்வளவு சத்தமாவா மாமா பேசுவாங்க?" என்றாள். இதுவே கம்மி என்றேன்.

தாலி கட்டி முடிந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னேன். மூன்று தட்டு. எனக்குச் சொன்னதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டிருந்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! என் மகள் செண்பகத்துக்கு இன்றைக்குத் திருமணம்!" பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். உன்னைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மணமகன்..." என்றாய். அங்கே மூன்று நொடி. கோப்பை அங்கே நிறுத்திவிட்டு மைக்கைத் தூக்கினேன், உன் குரலுக்கு அடுத்தாற்போல் என் குரலை வைக்க மனசு வரவில்லை.

கழுத்தில் மாலையோடு உன் மகள் கையை நீட்டினாள். "எங்கிட்ட தாங்க மாமா."

வாங்கி, "இசக்கிராஜ்" என்றாள். உன்னை மாதிரியே கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னாள். "புருஷன் பேரை மைக்குல சொல்லுதா பாரு" என்று ஒரு ஆச்சி சொல்ல, மண்டபமே சிரித்தது. நான் கோப்பைத் திரும்ப ஓடவிட்டதும் அந்தச் சிரிப்புக்கு மேலே நீ வந்து, எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று உத்தரவு போட்டாய். ஒருத்தரும் மீறவில்லை, சாம்பார்தான் பற்றாமல் போனது.

கோப்பு இப்போது என் ஃபோனில் இருக்கிறது. அதில் அந்த மூன்று நொடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, நீ விட்டபடியே. ஆனால் தனியாக இருக்கும்போது போட்டால், அந்த இடம் வரும்போதெல்லாம் உன் மகள் பேசுகிறாள்.