இஸ்திரி அறைக்கும் பகல் ஓய்வு கோரி

அனுப்புநர்:
தார்ச்சாலை போடும் பணியாளர்,
சலவைக்கூடத்தின் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தேசியக் காலநிலைத் தகவமைப்புத் திட்டம்.

பொருள்: கடும் வெப்ப நாட்களுக்கான பகல் ஓய்வு விதியில், கூரைக்குக் கீழே வேலை செய்பவர்களையும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் நன்றி. சென்ற கோடை முதல், வெப்ப எச்சரிக்கை விடப்படும் நாட்களில் திறந்தவெளி வேலைகளைத் தங்கள் திட்டப்படி நண்பகலில் நிறுத்துகிறார்கள். விடியலில் தொடங்கி, மிச்சத்தை மாலையில் முடிக்கிறோம். உச்சி வெயிலில் கொதிக்கும் தாரைப் பரப்பிக்கொண்டிருந்த எனக்கு, பகலில் வீட்டில் படுத்து உறங்கக் கிடைத்தது.

குறை அதில் இல்லை. என் மனைவி, விடுதிகளுக்குத் துணி வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். மேலே தகரக் கூரை, சுற்றிலும் நீராவி. நான் உறங்கிய அதே நேரத்தில் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கோடையிலேயே ஒரு மதியம், அடுக்கிவைத்த படுக்கை விரிப்புகளின் மேலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் கண் திறந்ததும், "நீங்க சாப்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அவளைப் பார்க்க வந்த சலவைக்கூட முதலாளியம்மாவிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெளியில வேலை பாக்கறவங்களுக்குன்னுதானே விதியில போட்டிருக்கு? நான் மட்டும் மெஷினை நிறுத்தினா, விடுதிக்காரங்க வேற இடத்துக்குப் போயிடுவாங்களேப்பா" என்றார். சொன்னாரே தவிர, மறுநாள் மதியம் முழுவதும் என் மனைவியின் மேசையில் தாமே நின்று இஸ்திரி போட்டிருக்கிறார். அடுத்த வாரமே அவராகவே இஸ்திரி அறைக்கும் பகல் ஓய்வு கொடுத்துவிட்டார். துணி தாமதமாவதைப் பெரும்பாலான விடுதிகள் பொறுத்துக்கொண்டன. இரண்டு மட்டும் விலகிப் போயின.

இப்போது என் மனைவி நலம். எச்சரிக்கை நாட்களில் இருவரும் மதியச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இது புதிது. "நீங்க இவ்ளோ பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்கிறாள். அது பாராட்டா, புகாரா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் ஐயா, இந்த ஏற்பாடு ஒருவருடைய நல்ல மனதை மட்டுமே நம்பி நிற்கிறது. இன்னும் ஓரிரு விடுதிகள் கைவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவரே சொல்கிறார். பக்கத்துச் சலவைக்கூடத்திலும் எதிரே உள்ள ரொட்டிக் கூடத்திலும் இன்றைக்கும் மதியத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டால், இரக்கப்பட்டவர் வாடிக்கையை இழக்க வேண்டியிருக்காது.

ஆகவே, மக்கள் கருத்துக்கு வைத்திருக்கும் புதிய திட்ட வரைவில், 'திறந்தவெளியில்' என்ற சொல்லை அடுத்து 'அல்லது வெப்பம் மிகுந்த அறைகளில்' என்று சேர்த்தருள வேண்டுகிறேன். வரும் ஆண்டுகளில் வெப்பம் கூடும் என்று வரைவே சொல்கிறது. தகரக் கூரை அதைத் தடுக்காது.

இம்மனுவை நான் மட்டும் அனுப்புவதாக இருந்தேன். படித்துப் பார்த்த முதலாளியம்மா, "எனக்கும் ஒரு இடம் விடுங்க. முதலாளிங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு அதிகாரிங்க நினைச்சிடக் கூடாது" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) சாலைப் பணியாளர்
(ஒப்பம்) இஸ்திரிப் பணியாளர், அவர் மனைவி
(ஒப்பம்) சலவைக்கூட உரிமையாளர்

இடம்: சலவைக்கூடம், இஸ்திரி அறை
நாள்: இவ்வாண்டுக் கோடையின் முதல் எச்சரிக்கை நாள்