மாடசாமியை நீ ஜெயித்த ஒன்பது நிமிஷம்

அன்பு மாறாத பழனிச்சாமிக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவி, என் தங்கை, முழங்கால் வலிக்கு மருந்து மாற்றியிருக்கிறாள். நீ வைத்த இரண்டு தென்னையில் ஒன்று பாளை விட்டுவிட்டது. இன்னொன்று உன்னைப் போல் பிடிவாதம்.

விஷயத்துக்கு வருகிறேன். கஞ்சிக்கோட்டில் நீ குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த கூடத்துக்கு உன் பெயரை வைக்கிறார்கள். வாசலில் பதிக்கும் கல்லில் உன் பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்று உன் மகள் சுமதி என்னிடம் வந்தாள். "சூரியநெல்லிக்காரர அப்பா ஜெயிச்சாருல்லங்க மாமா, அதையே போடுங்க. ஒப்பற்ற வெற்றின்னு" என்றாள். ஒரு வாரம் கழித்து வந்தபோதும் தாள் வெள்ளையாகவே இருந்தது. "ஏனுங் மாமா, ஒரு வரிக்கு ஒரு வாரமா? அப்பா சண்டையவே ஒம்பது நிமிசத்துல முடிச்சுட்டாருங்களே" என்று கேலி செய்தாள்.

"ஒப்பற்ற" என்ற சொல்லில்தான் பேனா நின்றது. ஏன் நின்றது என்பதை நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. நீ தபால் சேராத இடத்துக்குப் போன பிறகுதான் எழுதுகிறேன்.

அந்தப் போட்டியன்று காலை, எடை பார்த்து எழுதியவன் நான். எலப்புள்ளிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், கையெழுத்து நன்றாக இருக்கும், தப்பு வராது என்று உட்கார வைத்தார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உன்னோடு மோத வந்த சூரியநெல்லி மாடசாமி ஏறி நின்றபோது முள் ஐம்பத்தொன்பதைத் தாண்டியது. "எஸ்டேட்ல பாத்துட்டுத்தான வந்தேன், சரியா இருந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைக் கூட்டி வந்தவர் எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் அறைந்து, "தின்னிப் பயலே, வர்ற வழியில பரோட்டாக் கடையவே முழுங்கிட்டயால?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மணி நேரம் தவணை கொடுத்தோம். உர மூட்டையின் பிளாஸ்டிக் பையை உடம்பில் சுற்றிக்கொண்டு அவன் மைதானத்தைச் சுற்றி ஓடினான். மலைக் குளிரில் வளர்ந்தவனுக்குப் பாலக்காட்டு மே மாத வெயில். திரும்பி வந்து ஏறியபோது முள் சரியாக ஐம்பத்தேழில் நின்றது. உதடு வெளுத்து வெடித்திருந்தது. துப்பிப் பார்த்தான், எச்சில் வரவில்லை. இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பிறகு தண்ணீர் குடித்தான், குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் எழுந்து போகவில்லை. என் வேலை எண்ணை எழுதுவது, எழுதினேன்.

மத்தியானம் நீ வந்து கேட்டாய்: "வாத்தியாரே, ஆளு எப்படி இருக்கானுங்க?"

"எடை சரியாக இருக்கிறது" என்றேன்.

நீ கேட்டது எடையை அல்ல. அது எனக்குத் தெரியும்.

மாலையில், மும்மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டும் நீதான். அவன் கடைசிவரை விழவில்லை, ஆனால் கையும் உயரவில்லை. அந்த வெற்றியால் உனக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த வேலையை நம்பி என் தங்கையை உனக்குக் கொடுத்தோம். கல்யாணப் பந்தியில் அந்தச் சண்டையைப் பற்றியே பேச்சு. அப்போதும் நான் மோர் ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். தன் எடையைக் காக்கத் தெரியாதவன் தோற்றால் அது அவன் குற்றம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

போன வாரம் அந்தச் சமாதானமும் போயிற்று. விசாரித்து, உடுமலை வழியாக மூணாறு ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சூரியநெல்லியில் மகன் வீட்டில் இருக்கும் மாடசாமியைப் போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டான். பல் இல்லாவிட்டாலும் சிரிப்பு பெரிது. நான் யார் என்று சொன்னதும், "எட பாத்த சாரா? இன்னைக்கு எம்புட்டு இருக்கேன், சொல்லுங்க பாப்போம்" என்றான்.

நீ இறந்ததைச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டு, முகம் கழுவி வந்தான்.

அப்புறம்தான் எஸ்டேட் தராசைப் பற்றிச் சொன்னான். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில்தான் அவன் தினமும் ஏறிப் பார்த்திருக்கிறான். கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்க வேண்டும் என்று அதன் முள்ளை இரண்டு கிலோ பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கொழுந்து போடுகிற எல்லோருக்கும் தெரிந்த கழிவு. "மனுசன் ஏறுனாலும் அது கழிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல சார். நான் என்ன கூடையோடயா ஏறுனேன்?" என்று சிரித்தான். ஒரு மாதம் அரை வயிறு சாப்பிட்டு வந்தவனைத்தான் நாங்கள் தின்னி என்றோம்.

என் சந்தேகத்தை அவனிடமே கேட்டேன். உலர்ந்துபோன ஆளை அடித்தது பெரிய வெற்றியா?

அவன் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். "மொத ரவுண்டுல பாதி வரைக்கும் எனக்குக் காலு இருந்துச்சு சார். இடது கைய நாலு தடவ வீசுனேன். நாலும் காத்துலதான் போச்சு. அவரு தல எங்க போகும்னே தெரியல. அப்பறம் நடந்ததுக்குக் கணக்கு இல்ல. என்னைய யாரு வேணா அடிச்சிருக்கலாம். ஆனா தராசு செஞ்ச வேலைக்கு அவுகள ஏன் சார் கொறைக்கிறீக?"

பழனிச்சாமி, இதைவிட நேர்மையாக யாரும் உன் சண்டையை எடை போட முடியாது. ஒன்பது நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம்தான் சாட்சி சொல்லும். அதில் நீ உண்மையாகவே பெரியவன். மீதி ஏழரை நிமிஷம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவன் விழாமல் நின்றதைப் பற்றித்தான் சொல்கிறது. இப்படிப் பிரிப்பது சரியா? தெரியவில்லை. நீ இருந்தால் "கணக்கு வாத்தியார் புத்தி" என்பாய். உண்மை தெரிந்திருந்தால் அன்று நீ மேடை ஏறியிருப்பாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியவன் நீ. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்.

கிளம்பும்போது மாடசாமி ஒன்று கேட்டான். "நான் தின்னு கெட்டவன் இல்லைன்னு யாராச்சும் ஒருத்தர் நாலு பேரு முன்னால சொன்னா நல்லாருக்கும். எம்மவனுக்கே அந்தச் சந்தேகம் இருக்கு."

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சுமதியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அப்பா ஜெயிச்சது பொய்யிங்களா?" என்றாள். "பொய் இல்லை சாமி, நாம் சொல்லிவந்த அளவுதான் தப்பு" என்றேன். எழுந்து போனாள். மூன்று நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அந்த மூன்று நாளும் வாயைத் திறந்தது தவறோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை கூப்பிட்டாள். "சூரியநெல்லிக்கு வண்டி சொல்லிட்டனுங் மாமா. கல்லு தெறக்கற அன்னைக்கு அவரும் மகனும் வரட்டும். கல்லுல ஒப்பற்றன்னெல்லாம் வேண்டாம், அவரு பேரும் இருக்கட்டும். ஆனா மைக்குல நாஞ் சொல்ல மாட்டேன். பாத்தவரு நீங்க. நீங்கதான் சொல்லோணும்."

கல்லுக்கான வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன்: "மூன்று ரவுண்டும் விழாமல் நின்ற சூரியநெல்லி மாடசாமியை வென்றவர்." உனக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

நாற்பது வருஷம் பாடம் நடத்தியும் நான் ஒரு மேடையிலும் பேசியவன் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். தராசைப் பற்றிச் சொல்வேன். பிறகு, நீ கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொல்வேன். பாதியில் இறங்க மாட்டேன்.

உன் மச்சான்,
நடராசன்