சவரக்காரன் சொன்னதாக

நவம்பர் 6
ஹைஃபாவில் மழை. காடி அல்மோக் வழக்கம்போல் நான்கு மணிக்கு வந்தார், ஆறு மணித் தொலைக்காட்சி விவாதத்துக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ள. அரை மணி நேரம் போரைப் பற்றி அவரே பேசினார். நான் சொன்னது ஒன்றுதான்: "தலையைச் சாயுங்க."

ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் சொல்கிறார்: "எனக்குச் சவரம் பண்ற அரபுக்காரரே சொன்னார், எங்களுக்கும் ஒரு நாள் வரும்னு!"

எதிரே, எங்கள் அரபுத் தரப்பில், பேராசிரியர் ராயிஃப் ஷஹ்பாரி. அவரும் வியாழக்கிழமை வாடிக்கைதான். விடுவாரா? "அதே நசீப் என்கிட்ட சொன்னார், இனி ராணுவக்காரன் முகத்தைத் தொடமாட்டேன்னு!"

தெருப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இலவச விளம்பரம்.

நவம்பர் 9
யெஹெஸ்கேல் வரவில்லை. பதினெட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய யூதர், மகன் ராணுவத்தில்.

"பசங்க வீடு வந்து சேந்தா போதும்" என்பார்.

"எல்லார் பசங்களும்" என்பேன்.

"அதத்தான்யா நானும் சொல்றேன்."

இதை யாரும் ஒளிபரப்பியதில்லை.

நவம்பர் 10
கடையின் இரும்புக் கதவில் ஒரு வசவு. எழுத்துப் பிழையில்லை. படித்தவன்.

மச்சினன் தொலைபேசியில் பாராட்டினான். வசவே தேவலை.

நவம்பர் 12
நாளை அந்த இரண்டு கழுத்தும் என் கையில். காலையிலிருந்து கத்தி தீட்டுகிறேன். என்ன செய்யப்போகிறேன் நான்?

ஹியாம் பார்த்துவிட்டாள். "கழுத்துல மட்டும் கை வெச்சுடாதீங்க. மூஞ்சிய என்ன வேணா பண்ணுங்க."

இருபத்தாறு வருட இல்லறத்தில் அவள் சொன்ன மிகச் சிறந்த யோசனை.

நவம்பர் 13
இருவரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பிள்ளைகளை மற்றவர் விசாரித்தார். ஒருவருக்கு வலக் கன்னம் மழித்தேன், மற்றவருக்கு இடக் கன்னம். ஐந்தரைக்குத் துண்டை உதறினேன்.

"மீதி?" என்றார் காடி.

"மீதிய நீங்களே கற்பனை பண்ணிக்குங்க. பழக்கந்தானே?"

"விளையாடாத நசீப்! அரை மணியில நேரலை!" என்றார் பேராசிரியர்.

கத்தி என் கையில் இருந்தது. விவாதம் வளரவில்லை.

ஆறு மணிக்குப் பார்த்தேன். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு முகம் தேறும். ஹியாம் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதவில்லை.

நவம்பர் 16
யெஹெஸ்கேல் வரவில்லை.

நவம்பர் 23
எட்டு மணிக்குக் கதவைத் தூக்கினால் வாசலில் நிற்கிறார். மூன்று வாரத் தாடி.

"இப்பல்லாம் டிவில டாக்சிக்காரன் சொன்னான்னு ஆரம்பிச்சிருக்கானுங்க, பாத்தியா?"

"பாத்தேன். பாவம் அந்த ஆளு."

உட்கார்ந்தார். நுரை போட்டேன். நான் சொல்வதற்கு முன்பே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.